பெர்லினில் அசைந்த ஊசி: முன்கைத் தசையை அளந்த ஒரு பரிசோதனையின் நிகழ்வு ஆய்வு

மனிதத் தசை இறுகும்போது மின்சாரம் எழுகிறது என்பதை உயிருள்ள ஆளின் கையிலேயே காட்டியவர் எமில் டு புவா-ரேமோன் என்று உடலியங்கியல் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. ஆண்டு 1849, ஊர் பெர்லின். மருத்துவ மாணவர்களுக்கு முன்கைத் தசை அளவீட்டுப் பயிற்சி நடத்துகிற எனக்கு இந்தப் பரிசோதனை மேல் தனிப் பிரியம். வெற்றிக் கதை என்பதற்காக இல்லை. ஊசி அசைந்தது, பலர் கண்ணால் பார்த்தார்கள், அதில் தகராறு கிடையாது. எதனால் அசைந்தது என்பதில்தான் வழக்கே. அது தீர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. இன்றைக்கும் முன்கையில் மின்முனை ஒட்டுகிற எவரும் அந்தக் குழியில் ஒரு தடவையாவது கால் வைக்கிறார்கள். அதனால்தான் இதை முழுதாக எழுதிப் பார்க்கத் தோன்றியது.

ஆளும் கருவியும்

1841இல் டு புவா-ரேமோனுக்கு 22 வயது. அவருடைய ஆசிரியர் யோஹான்னஸ் முல்லர், இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மத்தேயூச்சி விலங்கு மின்சாரம் பற்றி எழுதியதை அவரிடம் கொடுத்து, செய்து பார்த்துச் சரியா என்று சொல்லச் சொன்னார். ஒரு மாணவனுக்குக் கொடுத்த சிறு வேலை, வாழ்நாள் வேலையாகிவிட்டது. விலங்கு மின்சாரம் பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1848இல் வந்தது. கடைசிப் பகுதி வெளிவந்தது 1884இல்.

அவர் கையிலிருந்த கருவி கால்வனோமீட்டர். பட்டு நூல் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியை ஒரு சட்டத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டும். நடுவில் இரண்டு காந்த ஊசிகளை எதிரெதிர்த் திசையில் பிணைத்து ஒற்றைப் பட்டு இழையில் தொங்கவிட வேண்டும். அப்படிப் பிணைத்தால் பூமியின் காந்த இழுப்பு பெரும்பாலும் கழிந்துபோய், கம்பியில் ஓடும் சிறு மின்னோட்டம்கூட ஊசியைத் திருப்பிவிடும். சுற்று கூடினால் உணர்திறனும் கூடும். நரம்புக்கென்று அவர் செய்த கருவியில் 24,000 சுற்றுகளுக்கு மேல், கம்பியின் நீளம் 5 கிலோமீட்டருக்கு மேல். அத்தனையையும் அவரே உட்கார்ந்து சுற்றினார்.

அந்தக் கருவியின் குணம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அது மந்தமானது. ஊசி நகர்ந்து, ஆடி, ஓய நேரம் எடுக்கும். நொடிக்குள் வந்துபோகிற எதையும் அது தனித்தனியாகக் காட்டாது. கூட்டிக் கழித்து மிஞ்சுவதை மட்டும் காட்டும்.

தவளைத் தசையில் அவர் கண்டது உறுதியான விஷயம். தசையை வெட்டி, வெட்டுப்பட்ட முனையில் ஒரு மின்முனையும் காயமில்லாத மேற்பரப்பில் இன்னொன்றும் வைத்தால் ஊசி ஒரு பக்கமாக விலகி நிற்கும். நரம்பைத் தூண்டித் தசையை இறுக வைத்தால், விலகிய ஊசி பூஜ்யத்தை நோக்கித் திரும்பும். தசையின் செயலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பு அதில் பளிச்சென்று தெரிந்தது. சரி, மனிதனிடம் எப்படிக் காட்டுவது? வெட்டுமுனை என்ற வசதி அங்கே கிடையாது.

இரண்டு கிண்ணம், இரண்டு விரல்

அவர் கண்டுபிடித்த வழியைப் பள்ளி ஆய்வகத்தில்கூடச் செய்யலாம். உப்புக் கரைசல் நிரப்பிய இரண்டு பாத்திரங்கள். இரண்டிலும் பிளாட்டினத் தகடுகள், அவற்றிலிருந்து கால்வனோமீட்டருக்குக் கம்பிகள். ஆள் எதிரே நின்று ஒரு மரக் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, இரண்டு சுட்டுவிரல்களையும் பாத்திரத்துக்கு ஒன்றாக அமிழ்த்த வேண்டும். ஒரு விரலில் தொடங்கி முன்கை, மேற்கை, மார்பு, மறுகை, மறுவிரல் என்று சுற்று பூர்த்தியாகிறது.

முதலில் ஊசி சும்மாவே ஆடும். இரண்டு விரல்களின் தோலும் ஒன்றுபோல் இருக்காது, நகத்தருகே ஒரு கீறல் இருந்தாலே போதும். அது ஓய்ந்து ஒரு நிலைக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு கையை மட்டும், விரல் துளியும் நகராமல், முழு பலத்தோடு இறுக்க வேண்டும். ஊசி சில பாகை நகரும். மறுகையை இறுக்கினால் எதிர்ப்பக்கம் நகரும். ஊசியின் ஆட்டத்துக்குத் தோதாக வலமும் இடமுமாக மாற்றி மாற்றி இறுக்கினால் வீச்சு பெரிதாகும், தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும்.

அலெக்சாந்தர் ஃபான் ஹும்போல்ட் இதைப் பார்த்ததோடு நிற்கவில்லை, தானே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு செய்தும் பார்த்தார். அப்போது அவருக்கு 79 வயது. ஐரோப்பாவிலேயே பெயர் பெற்ற அறிவியலாளர். பாரிஸிலிருந்த நண்பர் பிரான்சுவா அராகோவுக்கு அவர் எழுதிய கடிதம் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஏட்டில் அச்சேறியது. இந்த விஷயத்தில் ஹும்போல்ட் ஒன்றும் புதியவர் அல்லர். 1790களில், இளைஞராக இருந்தபோது, கொப்புளம் எழுப்பும் பூச்சைத் தன் தோள்பட்டையில் போட்டு, அந்தப் புண்ணில் உலோகத் தகடுகளை வைத்துத் தசை துடிப்பதைப் பார்த்தவர். அப்படிப்பட்ட ஒருவர் சாட்சி சொன்னால் கேள்வி எழாது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எழுந்தது. நல்ல வேளை.

பாரிஸில் கேட்டது

பாரிஸில் ஆந்துவான் பெக்கெரலும் செசார் தெப்ரேயும் செய்து பார்த்தார்கள். நம்பும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. பின்னாளில் கதிரியக்கத்தைக் கண்ட ஆன்றி பெக்கெரலின் தாத்தாதான் இந்த பெக்கெரல். அவர்கள் எழுப்பிய ஐயம் இயற்பியலாளர்களுக்கே உரிய ஐயம். கையை முழு பலத்தோடு இறுக்கினால் ரத்தம் பாயும், சூடேறும், வியர்க்கும். ஒரு விரலின் தோல் மறு விரலிலிருந்து வேறுபட்டுவிடும். உப்பு நீரில் இரண்டு வேறுபட்ட பரப்புகளை அமிழ்த்தினால் ஊசி அசையத்தானே செய்யும்? தசைக்கு அங்கே என்ன வேலை?

டு புவா-ரேமோன் 1850இல் கருவிகளோடு பாரிஸுக்கே போனார். கழகம் அமைத்த குழுவின் முன் செய்துகாட்டினார். எல்லாரும் மனம் மாறிவிடவில்லை. ஆனால் தோல்தான் பிரச்சினை என்றால் தோலையே எடுத்துவிடுவோம் என்று அவர் இறங்கியதுதான் இந்த நிகழ்வின் மறக்க முடியாத பகுதி. இரண்டு முன்கைகளிலும் கொப்புளம் எழுப்பி, மேல்தோலை நீக்கி, ரணமான இடத்தில் மின்முனைகளை வைத்தார். இறுக்கியபோது ஊசி முன்னைவிடப் பல மடங்கு விலகியது. தோல் மின்னோட்டத்துக்குப் பெரிய தடை, அதை எடுத்துவிட்டால் உள்ளே நடப்பது வெளியே வரும் என்பது அவருடைய வாதம்.

தோல் தடை என்பதில் அவர் சொன்னது நூறு சதவீதம் சரி. இன்றும் மின்முனை ஒட்டுமுன் நாங்கள் செய்யும் முதல் வேலை அதுதான். கொப்புளம் எழுப்புவதில்லை. மயிரை மழித்து, சொரசொரப்பான பசையை லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைக்கிறோம். லட்சக்கணக்கான ஓமாக இருந்த தடை சில ஆயிரங்களுக்கு இறங்கிவிடும். இந்தத் துடைப்பைச் சோம்பலில் விட்டுவிடும் மாணவர்களின் திரையில் தசையின் குறிப்பலைக்கு (சிக்னலுக்கு) பதிலாக அறையின் மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் தெரியும். டியூப்லைட்டை அளந்திருக்கிறீர்கள் என்று சொல்லி மறுபடி துடைக்கச் சொல்வேன்.

ஊசி எதைப் பார்த்தது?

இப்போது கருவியின் மந்தத்துக்கு வருவோம். ஒரு தசையில் நூற்றுக்கணக்கான இயக்கு அலகுகள் உள்ளன. ஒவ்வோர் அலகும் ஒரு நரம்பணுவும் அது ஆட்டிவைக்கும் தசை இழைகளும் சேர்ந்தது. ஒவ்வொன்றும் தன் போக்கில் நொடிக்குப் பத்து, இருபது, முப்பது தடவை சுடும், அதாவது ஒரு மின்துடிப்பை விடும். ஒவ்வொரு சூட்டிலும் மின்னழுத்தம் நேர்ப்பக்கம் ஏறி எதிர்ப்பக்கம் இறங்கி அடங்கும். தோலின் மேல் ஒட்டிய மின்முனைக்குக் கேட்பது இவை எல்லாம் கலந்த ஓசை, கோயில் மதிலுக்கு வெளியே நின்று திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலைக் கேட்பதுபோல. இரைச்சல் கூடியதா குறைந்ததா என்று தெரியும், யார் என்ன சொன்னார் என்று தெரியாது.

இந்தக் குறிப்பலையின் பெரும்பகுதி ஏறத்தாழ 20 முதல் 450 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. மேலேயும் கீழேயும் மாறி மாறிப் போவதால் அதன் சராசரி பூஜ்யம். மாணவர்கள் தடுமாறும் இடம் இது. முழு பலத்தோடு பிடித்தாலும் சராசரி பூஜ்யம், கையைத் தொங்கவிட்டாலும் சராசரி பூஜ்யம். அதனால்தான் இன்று எதிர்ப்பக்க அலைகளை நேர்ப்பக்கம் புரட்டிவிட்டு, அதற்கப்புறம் சராசரி எடுக்கிறோம். அல்லது வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம்.

டு புவா-ரேமோனின் ஊசிக்கு அந்தப் புரட்டல் தெரியாது. நொடிக்கு நூறு தடவை இங்குமங்கும் தள்ளப்பட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். தவளையில் ஊசி அசைந்ததற்குக் காரணம் வெட்டுமுனை. வெட்டுப்பட்ட பக்கத்தில் மின் அலை வந்து சேராது, அதனால் அலையின் ஒரு பாதி மட்டும் பதிவாகி மிச்சம் நிற்கும். முழுமையான மனிதக் கையில் அப்படி ஒரு மிச்சம் நிற்க வழியில்லை. அதிலும் விரல் நுனி, தசையிலிருந்து வெகுதூரம். அப்படியானால் ஊசியைத் திருப்பியது நிதானமாக எழுந்து ஒரே திசையில் நிற்கிற வேறொன்றாக இருக்க வேண்டும்.

இதைப் பிடித்தவர் லூடிமார் ஹெர்மான். ஒரு காலத்தில் டு புவா-ரேமோனிடம் படித்தவர், பிற்பாடு அவருடைய தீராத எதிராளி. 1878இல் ஹெர்மானும் பால்தசார் லுக்சிங்கரும் பூனையின் பாதத்தில் ஒரு சோதனை செய்தார்கள். குராரே கொடுத்துத் தசைகளை முடக்கிவிட்டு, காலுக்குப் போகும் நரம்பைத் தூண்டினார்கள். தசை அசையவில்லை, ஆனால் பாதத்தின் மெத்தையில் வியர்வை அரும்பியது, கூடவே மின்னோட்டமும் தெரிந்தது. அட்ரோபின் கொடுத்து வியர்வைச் சுரப்பிகளை நிறுத்தியதும் மின்னோட்டம் காணாமல் போனது. தசையைத் தனியே நிறுத்தி ஒரு தடவை, சுரப்பியைத் தனியே நிறுத்தி ஒரு தடவை. இதைவிடச் சுத்தமாக ஒரு வழக்கைப் பிரிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

விரல் நுனியில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. முழு முயற்சியோடு கையை இறுக்கினால் அவை கட்டாயம் இயங்கும். பெர்லினில் உப்பு நீரில் அமிழ்ந்திருந்த விரல்களிலிருந்து ஊசி பெரும்பாலும் படித்தது அதைத்தான். அந்தத் தோல் மின்சாரத்துக்கு அப்புறம் தனியாக ஒரு வாழ்வு கிடைத்தது. 1888இல் சார்ல் ஃபெரே, 1890இல் இவான் தார்க்கனோவ் ஆகியோர் உணர்ச்சிக்கும் அதற்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். பொய் கண்டறியும் கருவி என்று விற்கப்படுவதில் விரலில் மாட்டும் பகுதி இந்த வழியில் வந்ததுதான்.

இன்று இரண்டையும் ஒரே திரையில் பிரித்துப் பார்க்கலாம். முன்கையில் ஒரு சோடி மின்முனை, விரல் நுனியில் இன்னொன்று. கட்டளை கேட்டுக் கையை இறுக்கியதும் முன்கைக் கோடு அந்தக் கணமே பொங்கும். விரல் கோடு அப்படியே கிடக்கும். ஒன்றிலிருந்து மூன்று நொடிக்குள் சோம்பலாக ஒரு மேடு எழுந்து, கையைத் தளர்த்திய பிறகும் தொடரும். அந்த இடைவெளிதான் தசைக்கும் வியர்வைக்கும் உள்ள வித்தியாசம். மந்தமான ஊசி இருந்தவரை அது யார் கண்ணுக்கும் படவில்லை.

கொப்புளம்? தோல் நீக்கிய ரணத்தில் வியர்வை வாதம் பலமிழக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ரணமே ஒரு மின்னழுத்தத்தின் மூலம், தசை புடைத்து நகரும்போது அதன் மேலுள்ள மின்முனையும் நகரும், அழுத்தம் மாறும். அந்த அசைவுப் பிழையை இன்றைய வடிகட்டிகள் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டி எறிகின்றன. அவருடைய கருவிக்குத் தெரிந்ததோ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் மட்டும்தான். என் தீர்ப்பு இது: முடிவு சரி, சாட்சி பலவீனம். தவளையிலிருந்து மனிதனுக்கு அவர் தாவிய தாவல் சரியான கரையில் போய் விழுந்தது, ஆனால் நடுவில் பாலம் இல்லை.

பாலத்தைக் கட்டியதில் ஹெர்மானுக்கே பங்குண்டு. ஈரக் கயிறுகளை மனித முன்கையில் சுற்றி மின்முனையாக்கி, அக்குளில் நரம்பைத் தூண்டி, தசை வழியாக அலை ஓடுவதைப் பதிவு செய்தார். தானாக இறுக்கும் தசையின் அலைகளைக் கண்ணுக்குக் காட்ட வேகமான கருவி வரவேண்டியிருந்தது. லைடனில் வில்லெம் ஐந்தோவன் இதயத்துக்காக உருவாக்கிய இழைக் கால்வனோமீட்டரை ஹான்ஸ் பீப்பர் முன்கையின் மடக்குத் தசைகளுக்குத் திருப்பினார். 1912இல் அவர் வெளியிட்ட நூலில் மனிதத் தசையின் அலைகள் படமாகவே இருக்கின்றன. பலமாக இறுக்கும்போது நொடிக்கு 50ஐ ஒட்டிய ஒரு தாளம் தெரிவதை அவர் குறித்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது.

வலுவை அளந்தவர்கள்

இதுவரை பேசியது தசையின் செயல். வலு வேறு கணக்கு, அதற்கும் இதே போன்ற ஒரு வழக்கு உண்டு. அது இன்னும் கசப்பானது.

1798இல் எட்மே ரெனியே பாரிஸில் ஒரு டைனமோமீட்டரை அறிமுகப்படுத்தினார். நீள்வட்ட வடிவில் ஓர் எஃகு வில், இரு கைகளாலும் நெருக்கினால் முள் நகர்ந்து கிலோவைக் காட்டும். நிக்கோலா போதான் தலைமையில் 1800இல் ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல்களில் அது ஒன்று போனது. கொண்டுபோனவர் பிரான்சுவா பெரோன் என்ற இளைஞர். இயற்கையோடு வாழும் மனிதன் நாகரிக மனிதனைவிட வலுவானவன் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். அதை எண்ணால் சோதிக்க விரும்பினார். தாஸ்மானியாவில் 12 பேரிடம் எடுத்த சராசரி 50.6 கிலோ. பிரெஞ்சுக்காரர்களுக்கு 69.2, ஆங்கிலேயருக்கு 71.4. பெரோனின் முடிவு சட்டென்று வந்தது: நாகரிகம் கூடக் கூட வலுவும் கூடுகிறது.

பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம், நாள்தோறும் பாய்க்கயிறு இழுத்து உள்ளங்கை காய்த்துப்போன கப்பலாட்கள், கருவி என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள், தோழர்கள் சுற்றி நின்று பார்க்க நெருக்குகிறவர்கள். மறுபக்கம், துப்பாக்கியோடு கரையிறங்கிய அந்நியர் நீட்டும் ஓர் இரும்பு வளையத்தை, ஏன் நெருக்க வேண்டும் என்று விளங்காமல் நெருக்கியவர்கள். இது தசையின் எண்ணா, சம்மதத்தின் எண்ணா? இன்னொன்றும் இருக்கிறது. ரெனியே தன் நாட்டு ஆண்களுக்குச் சொன்ன அளவே 50 கிலோவை ஒட்டியதுதான். 1835இல் பெல்ஜியப் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே பலரும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டபோது பெரோனின் எண்கள் மட்டும் ஒத்துவராமல் துருத்திக்கொண்டு நின்றன. வில்லின் அகலத்துக்கும் கையின் அளவுக்கும் உள்ள பொருத்தமே முடிவை மாற்றிவிடும் என்பதையும் அவர் கவனித்தார்.

அந்தக் கடைசி விஷயத்துக்குப் பதில் வர 1954 ஆயிற்று. சார்ல்ஸ் பெக்டால் கைப்பிடியின் அகலத்தை ஐந்து நிலைகளில் மாற்றக்கூடிய டைனமோமீட்டரை விவரித்தார். இன்று கை மருத்துவக் கூடங்களில் காணும் ஜமார் கருவி அந்த வழியில் வந்தது. பெரும்பாலோருக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது நிலையில் வலு உச்சம். மிகக் குறுகலாக வைத்தாலும் மிக அகலமாக வைத்தாலும் அதே ஆளின் அதே கை குறைவாகக் காட்டும். அளக்கும் முறையையும் கட்டுப்படுத்திவிட்டார்கள்: உட்கார்ந்து, மேற்கை உடலோடு ஒட்டி, முழங்கை 90 பாகை மடங்கி, மூன்று தடவை. ஏன் இத்தனை சட்டம் என்று அலுத்துக்கொள்பவருக்குப் பெரோனின் கதையைச் சொல்லலாம்.

இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால்

செயலும் வலுவும் ஒன்றில்லை என்பதைக் காட்ட எங்கள் பயிற்சியில் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறோம். கருவி இல்லாமலே வீட்டில் பாதியைச் செய்து பார்க்கலாம்.

முன்கையின் உள்பக்கத்தில், விரல் மடக்குத் தசைகளின் சதைப்பகுதியில், இழைகள் ஓடும் திசையில் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள். முழங்கை எலும்பின் மேல் பொது மின்முனை ஒன்று. கையில் டைனமோமீட்டர். மணிக்கட்டை இயல்பாக வைத்து முழு பலத்தோடு பிடிக்கச் சொல்கிறோம். வலுக் கோடும் தசைக் கோடும் சேர்ந்து ஏறுகின்றன. பாதி வலுவில் பிடிக்கச் சொன்னால் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன. இதுவரை பார்த்த மாணவர், தசைக் கோட்டை வைத்தே வலுவைச் சொல்லிவிடலாம் என்று எழுதத் தொடங்கியிருப்பார்.

அப்போது மணிக்கட்டை உள்பக்கமாக முழுதும் மடக்கிக்கொண்டு மறுபடி முழு பலத்தோடு பிடிக்கச் சொல்கிறோம். முகம் சிவக்கும், பல்லைக் கடிப்பார்கள். தசைக் கோடு பொங்குகிறது. வலுவோ பாதியை ஒட்டி இறங்கிவிடுகிறது, சிலருக்கு இன்னும் கீழே. விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன, அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு மடங்கியதும் தசை ஏற்கெனவே குறுகிவிட்டது. உள்ளே தசையைச் சுருக்கும் புரத இழைகளான ஆக்டினும் மயோசினும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப்போய், இழுக்க இடமில்லை. போதாததற்கு, பின்பக்கத்து நீட்டுத் தசைகள் விறைத்து விரல்களைத் திறக்கப் பார்க்கின்றன. மூளையிலிருந்து கட்டளை முழுதாக வருகிறது, தசை முழுதாகச் சுடுகிறது, பலன் மட்டும் இல்லை.

மின்முனைகளை முன்கையின் வெளிப்பக்கத்துக்கு மாற்றினால் இன்னோர் ஆச்சரியம். பிடிப்பது மடக்குத் தசையின் வேலை, ஆனால் பிடிக்கும்போது நீட்டுத் தசைகளும் பலமாக இயங்குவதைத் திரை காட்டும். அவை மணிக்கட்டைப் பின்னால் இழுத்துப் பிடிக்காவிட்டால் மேலே சொன்ன கதிதான். டென்னிஸ் எல்போ வந்தவருக்கு ராக்கெட்டை வீசும்போது மட்டும் வலிப்பதில்லை, ஈரத் துணியைப் பிழியும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் வலிக்கிறது. வலிக்கும் இடம் முழங்கையின் வெளிப்பக்கத்தில், அந்த நீட்டுத் தசைகள் எலும்பில் பிறக்கும் இடத்தில். அவர் டைனமோமீட்டரை 12 கிலோவுக்கு மேல் நெருக்கவில்லை என்றால் தசை இளைத்துவிட்டது என்று எழுதக் கூடாது. வலி தொடங்கும் இடத்தில் கையை நிறுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் அப்படிப்பட்டவர்களிடம் வலியில்லாமல் எவ்வளவு பிடிக்க முடிகிறது என்று தனியாக அளக்கிறோம்.

களைப்பிலும் செயலும் வலுவும் பிரிகின்றன. உச்ச வலுவில் பாதியை விடாமல் பிடித்திருக்கச் சொன்னால் வலுக் கோடு நேராகப் போகும். தசைக் கோடு மெல்ல மெல்லப் பருத்துக்கொண்டே வரும், ஏனென்றால் களைத்த இழைகளுக்கு ஈடாகப் புதிய அலகுகள் சேர்க்கப்படுகின்றன. கூடவே அலைகள் நீண்டு, அதிர்வெண் இறங்கும். ஒரே வலு, மாறும் செயல்.

இப்படி வலுவிலிருந்து செயலைப் பிரித்துப் பழகினால், நோயாளியின் எண்ணைப் பார்க்கும் பார்வையே மாறும். ஒருவரின் மில்லிவோல்ட்டை இன்னொருவரின் மில்லிவோல்ட்டோடு ஒப்பிட மாட்டோம். தோலுக்கடியில் கொழுப்பு அரை சென்டிமீட்டர் கூடினாலே குறிப்பலை சுருங்கிவிடும். மின்முனை ஒரு விரற்கடை நகர்ந்தால் வேறு தசை பதிவாகும், முன்கையில் இருபது தசைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அதனால் ஒவ்வொருவருக்கும் அவருடைய முழு பலப் பிடிப்பையே நூறு என்று வைத்து மற்றதைச் சதவீதமாகச் சொல்கிறோம். அந்த நூறு என்பதாவது உண்மையான நூறா? அங்கேயும் சந்தேகம் வரலாம். முழு பலத்தோடு பிடித்திருக்கும்போது நரம்பில் ஒரு மின்தூண்டல் கொடுத்து, வலு மேலும் ஏறுகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. பெருவிரல் தசையில் இதைச் செய்துகாட்டியவர் பேட்ரிக் மெர்ட்டன், ஆண்டு 1954. வலு ஏறவில்லை என்றால் ஆள் எதையும் மிச்சம் வைக்கவில்லை என்று பொருள்.

எண்ணுக்கு மருத்துவர் கொடுக்கும் இடம்

இத்தனை குறை சொன்ன பிறகும் கைப்பிடி வலு மருத்துவத்தில் மதிப்பேறிக்கொண்டுதான் போகிறது. முதுமைத் தசை இழப்பைக் கண்டறிய ஆசியப் பணிக்குழு 2019இல் வைத்த எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைப் பின்தொடர்ந்த பியூர் ஆய்வு 2015இல் வந்தது. வலு 5 கிலோ குறைந்தால் இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுவதாக அது சொன்னது. முன்கையை நெருக்கிய எண்ணுக்கும் மரணத்துக்கும் என்ன தொடர்பு? முன்கை காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. உண்பது, உழைப்பது, நோய், வயது எல்லாவற்றின் சுவடும் கைப்பிடியில் சேர்ந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போய் ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கி அமுக்கத் தொடங்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. முன்கை பருக்கும், கெடுதல் இல்லை.

செயல் மட்டும் போதும், வலுவே வேண்டாம் என்கிற இடமும் இருக்கிறது. முழங்கைக்குக் கீழே கை துண்டிக்கப்பட்டவருக்கு மடக்குத் தசையின் மிச்சமும் நீட்டுத் தசையின் மிச்சமும் தண்டுப் பகுதியில் இருக்கும். ம்யூனிக்கில் ரைன்ஹோல்ட் ரைட்டர் 1940களில் அந்த மிச்சத்தின் மின்சாரத்தைக் கொண்டு செயற்கைக் கையை இயக்கிப் பார்த்து, 1948இல் எழுதினார். இன்றைய மின்தசைக் கைகளும் 2025இல் மெட்டா நிறுவனம் கண்ணாடியோடு விற்கத் தொடங்கிய மணிக்கட்டுப் பட்டையும் அதே கருத்தின் தொடர்ச்சி. செயற்கைக் கை பொருத்தும் தொழில்நுட்பர் முதலில் செய்வது, இரண்டு மின்முனைகளைத் தண்டில் நகர்த்தி நகர்த்தி, மூடு என்று நினைத்தால் ஒன்றும் திற என்று நினைத்தால் மற்றதும் தனித்தனியாக எழும் இடங்களைத் தேடுவது. இளைத்த தசையாக இருந்தாலும் பரவாயில்லை, கருவியின் மின் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டும் ஒரேயடியாக எழுந்தால்தான் தொல்லை. அதைப் பிரிக்கச் சிலருக்கு வாரக்கணக்கில் திரையைப் பார்த்துப் பயிற்சி தேவைப்படுகிறது. கோடைக்காலத்தில் உறைக்குள் ஈரம் சேர்ந்தால் மின்முனையின் தொடர்பு மாறி, கை தானாகத் திறந்துகொள்வதும் உண்டு. டைனமோமீட்டருக்கு அங்கே வேலை இல்லை, தம்ளரைப் பிடிக்கும் வலு மோட்டாரிலிருந்து வருகிறது.